கூட வந்தவர் வெளியே இருக்கவும்

எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் தொடங்கியபோது, அதில் கேள்வி பதில் பக்கத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நடந்தது இது. குழித்துறையில், ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சாலையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டரம்மா ஒருவர், உதவிக்கு நான் ஒருத்தி. டோக்கன் கொடுப்பது, பெயரும் வயதும் எழுதுவது, கருவிகளை அவித்தெடுப்பது, ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் பாடு.

வெப்சைட் செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட திருவனந்தபுரத்துக் கம்பெனி, மாதிரிக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தது. புன்னகையைப் பற்றியும் தன்னம்பிக்கையைப் பற்றியும் அதில் நிறைய இருந்தது. டாக்டரம்மா அதைப் பாதி வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தார். இங்கே வருகிறவர்கள் யாரும் புன்னகைக்காக வருவதில்லை, வலிக்கிறது என்றுதான் வருகிறார்கள் என்றார். நான் தமிழ் எம்.ஏ. முடித்தவள் என்பது அவருக்குத் தெரியும். தினமும் ஆட்கள் என்னிடம் என்ன கேட்கிறார்களோ அதை அப்படியே எழுதிக் கொண்டு வரச் சொன்னார். பதிலை அவர் சொல்வார், எல்லாருக்கும் புரிகிற மாதிரி நான் எழுத வேண்டும்.

ஒரு மாதம் போல ஒரு நீள நோட்டில் கேள்விகளைக் குறித்தேன். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையுமா? பல் பிடுங்கிய அன்றைக்கு மீன் தின்னலாமா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மரத்துப்போகிற ஊசி போடலாமா? செட்டுப் பல் வைத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு கடிக்க முடியுமா? டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அடிபட்டு விழுந்த பல்லை என்ன செய்வது என்ற கேள்வியை, சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன் கேட்டிருந்தார். பல்லைப் பேப்பரில் பொதிந்து கொண்டு வந்திருந்தார். அது காய்ந்து போயிருந்தது. அதற்கான பதிலை டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி எழுத வைத்தார். பல்லின் வேரைத் தொடக்கூடாது, தேய்த்துக் கழுவக்கூடாது, பாலில் போட்டு முடிந்தால் அரை மணிக்கூறுக்குள் கொண்டு வர வேண்டும்.

இன்னொரு வகைக் காயமும் எங்களிடம் வரும். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பெண்கள் உதடு கிழிந்தும் முன்பல் உடைந்தும் தாடை வீங்கியும் வருவார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டால் குளிமுறியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள். நானும் வழுக்கி விழுந்தது என்றே சீட்டில் எழுதுவேன்.

அப்படி ஒருத்தி ஒரு நாள் புருஷனோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மேலே இரண்டு பற்கள் பாதியில் ஒடிந்திருந்தன. கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. புருஷன் அவளுடைய முழங்கையை விடவே இல்லை. அவளிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவன்தான் பதில் சொன்னான். வயதை அவன் சொன்னான். வலி எங்கே இருக்கிறது என்பதையும் அவன் சொன்னான். டாக்டரம்மா அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அவன் கதவை உதைத்தான். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து கிடந்தவளின் தலைமுடியைப் பிடித்து எழுப்பினான். எச்சில் உறிஞ்சுகிற குழாய் அவள் வாயிலேயே இருந்தது. அது பிடுங்கிக்கொண்டு வந்தபோது பிளந்த உதடு இன்னும் கிழிந்து, வெள்ளை டைல்ஸ் முழுக்க ரத்தம். டாக்டரம்மா குறுக்கே போனார். அவன் அவரைச் சுவரோடு தள்ளிவிட்டு, பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

நான் தரையைத் துடைத்தேன். டாக்டரம்மா வெகுநேரம் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நான் அவளை நினைக்கவில்லை. என் மைனியை நினைத்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணனைக் கட்டி வந்த மைனி, நான் என்று நான்கு பேர். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் சவுதியில் வேலை பார்த்து வீட்டைக் கான்கிரீட்டில் வார்த்தான். என்னைப் படிக்க வைத்தான். திரும்பி வந்து ஒரு டெம்போ வாங்கி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விடுவான். பெண் பார்க்கப் போன இடத்தில் இதையெல்லாம் அம்மா பெருமையாகச் சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரமே அவன் மைனியை அடித்தான். சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது, அதைத் தைக்கவில்லை என்பது காரணம். கன்னத்தில் அறைந்தபோது அவள் காதுக்கம்மல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. நான் அதைப் பொறுக்கி மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு காரணங்கள் சிறிதாகிக்கொண்டே போயின. குழம்பு சூடில்லை. போனை உடனே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டதற்கு நின்று பதில் சொன்னாள். அவன் கத்தமாட்டான். கதவைச் சாத்திவிட்டு அடிப்பான். பெல்ட்டின் சத்தமும், பிறகு அவள் தலை சுவரில் முட்டுகிற சத்தமும் வரும். அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம் என் கட்டில். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன். அம்மா கோழிக்கூட்டை அடைக்கப் போய்விடுவாள். கோழி அடைய இன்னும் நேரம் இருந்தாலும் போவாள்.

முந்தின வருஷம் மைனிக்கு மூன்று மாதம். பின்வாசல் படியில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தவளை அவன் பின்னாலிருந்து உதைத்தான். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். அவள் நான்கு படியும் உருண்டு, துவைக்கிற கல்லில் போய் இடித்தாள். எழுந்து உட்கார்ந்தபோது நைட்டி நனைந்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து எப்படி நடந்தது என்று கேட்டாள். மைனி கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். அண்ணன் கதவருகில் நின்றான். நான்தான் சொன்னேன், படியில வழுக்கிட்டாவ என்று. நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள்.

கேள்வி பதில்களை நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் நல்ல எழுத்தில் எழுதினேன். மைனி எதிரில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டே நோட்டை வாசிப்பாள். அவள் பி.எஸ்ஸி. படித்தவள். கண் பார்வைக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தாள். ஊரிலுள்ள எல்லாருக்கும் கண்ணு போயிருக்கணுமே அப்பம் என்றாள். விழுந்த பல்லைப் பாலில் போடுகிற பதிலை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு உள்ளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“விழுந்து அடிபட்டதா, வேற ஆளு அடிச்சதான்னு டாக்டருக்குப் பாத்தா தெரியுமா மக்கா?”

“தெரியும்னுதான் நெனைக்கேன்.”

“தெரிஞ்சா பின்ன ஏன் கேக்க மாட்டாவ? அதயும் ஒரு கேள்வியாட்டு எழுது.”

வாசலில் டெம்போ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் நோட்டை மூடினேன். அவள் உள்ளித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அந்தக் கேள்வியைச் சொன்னேன். யார் கேட்டது என்று சொல்லவில்லை. அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பல நேரம் தெரியும் என்றார். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், உள்ளங்கையும் முழங்காலும் சிராய்த்திருக்கும், வாய்க்குக் கீழே நாடி அடிபடும். கையால் அடித்தால் கன்னத்தில் தெரியும், பெரும்பாலும் இடது பக்கம். பழைய காயம் ஆறுவதற்கு முன் புதிய காயம் இருக்கும். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நாமும் குளிமுறி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார். பிறகு பதிலைச் சொன்னார். நான் எழுதினேன்.

காயம் எப்படி உண்டானது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லலாமா? சொல்லலாம். நீங்கள் தனியாகப் பேசலாம். கூட வந்தவர் யாராக இருந்தாலும் வெளியே இருக்க வேண்டும். நீங்கள் சொல்வதை அப்படியே சீட்டில் எழுதுவோம். பார்த்த காயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவோம். போலீசுக்குப் போக வேண்டும் என்றால் அந்தச் சீட்டு உதவும். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

வெப்சைட் வந்தது. எங்கள் ஊரில் அதைத் திறந்து வாசிக்கிறவர்கள் அப்போது குறைவு. அதனால் டாக்டரம்மா அந்தப் பக்கத்தை அச்சடித்து, காத்திருக்கிற இடத்தில் சுவரில் ஒட்டினார். கையில் கொடுக்கவும் ஒரு கட்டு அடித்தார். ஒட்டிய மறுநாளே யாரோ அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நகத்தால் சுரண்டியிருந்தார்கள். வேறு தாள் ஒட்டினோம். அதன் மேல் எச்சில் துப்பிய கறை இருந்தது. மூன்றாவது தாளை உயரத்தில் ஒட்டினோம்.

நான் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மைனியிடம் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அன்று நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைத்து நிம்மதியாகப் படுத்தேன். அதே வாரம் அவன் அவளுடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தான். இரண்டு விரல் நகம் கறுத்துப்போனது. அப்போதும் நான் டிவியைத்தான் கூட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, முற்பகல். மாடிப்படியில் ஆட்டோக்காரர் ஒருவரின் குரல் கேட்டது, பைய வாங்க, பைய வாங்க என்று. எட்டிப் பார்த்தேன். மைனி ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை. நைட்டிக்கு மேல் தோர்த்துத் துண்டு போட்டிருந்தாள். அந்தத் தோர்த்து முழுக்கச் சிவந்திருந்தது. வாயிலிருந்து ரத்தம் நாடி வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. வலது கையில் ஒரு சில்வர் டம்ளரை, சிந்தாமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அதில் பால். பாலுக்குள் பல்.

அவள் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆரல்வாய்மொழியில் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் கடலாசுகளை எடுக்கத் திரும்பி வந்த அண்ணன், பின்னால் நின்று கேட்டுவிட்டு, அடுக்களை மேடையில் இருந்த தண்ணீர்ச் செம்பால் வாயில் அடித்திருக்கிறான். இரண்டாவது அடி காதுக்குக் கீழே. பெல்ட்டை எடுக்க அவன் அறைக்குள் போன நேரத்தில் அவள் தரையில் கிடந்த பல்லை, வேரைத் தொடாமல், மேலே பிடித்து எடுத்து, அடுப்பில் காய்ச்சி ஆறியிருந்த பாலை ஊற்றி அதில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி ஓடியிருக்கிறாள். அம்மா கோழிக்கூட்டருகே நின்றிருந்தாள். தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

டாக்டரம்மா அவளை நாற்காலியில் சாய்த்தார். நான் விளக்கைப் பிடித்தேன். டாக்டரம்மா பல்லை எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, மெல்ல உள்ளே அழுத்தினார். மைனியின் கால்விரல்கள் மடங்கி விரிந்தன. பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டினார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

மைனி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பார்த்த அதே பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

“எனக்க மாப்பிள அடிச்சாரு. செம்பு வச்சு. இது முதல் தடவ இல்ல, டாக்டர்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே டெம்போ நின்றது. அந்த எஞ்சின் சத்தம் எனக்கு உறக்கத்திலும் தெரியும். சிகிச்சை அறையை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஏன் வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணன்தானே, நான் சொன்னால் கேட்பான் என்று நினைத்திருக்கலாம். காத்திருந்த மூன்று பேர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அவன் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. இன்னொரு கையில் அந்தத் தாள். அரிசி டின்னை நகர்த்தியிருக்கிறான். முதல் அடியில் முன்கதவுக் கண்ணாடி நொறுங்கியது. சில்லுகள் என் காலில் வந்து குத்தின. தாளை என் முகத்தில் வீசினான்.

“எனக்க சோத்தத் தின்னுட்டு எனக்கு எதிராவே எழுதுவியாட்டி?”

கன்னத்தில் விழுந்த அறையில் நான் மேசை மேல் போய் விழுந்தேன். டோக்கன்கள் சிதறின. அவன் என்னைத் தாண்டிச் சிகிச்சை அறைக் கதவை ஸ்பேனரால் அடிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு அடிக்கும் மரம் சிராம்பு சிராம்பாகப் பெயர்ந்தது. உள்ளே டாக்டரம்மா போனில் யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது. நான் எழுந்து பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூன்று வருஷத்தில் அவனை நான் தடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் திரும்பி வீசினான். நான் இடது கையைத் தூக்கினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் விழுந்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் சத்தம். பச்சை மரச்சீனிக் கம்பை ஒடிக்கிற சத்தம்.

அதற்குள் ஆட்டோக்காரர் மருந்துக்கடை ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். ஐந்தாறு பேர். ஒருவர் அவன் கையைப் பின்னால் முறுக்கி ஸ்பேனரைப் பிடுங்கினார். மற்றவர்கள் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அவன் தலை ஒவ்வொரு படியிலும் முட்டியது. கீழே சாலையோரத்தில் போட்டு அடித்தார்கள். முகத்தில் மிதித்தார்கள். யாரோ டெம்போவின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். யாரென்றே தெரியாத ஆட்களும் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்து ஓடி வந்து ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார்கள். நான் மாடிப்படியின் தலைப்பில், ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மாற்றி எழுத மனமில்லை. அவன் வாயிலிருந்து ரத்தம் வந்தபோது இன்னும் அடிக்கட்டும் என்று நினைத்தேன். அவன் அக்கா அக்கா என்று எதிரே நின்ற ஏதோ ஒரு பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டபோதும் எனக்கு இரக்கம் வரவில்லை. சின்ன வயதில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆறு கடந்தவன் அவன். அது நினைவுக்கு வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை.

நிறுத்தியது டாக்டரம்மா. கதவைத் திறந்து, கையுறையைக் கூடக் கழற்றாமல் படியிறங்கிப் போனார். “போரும், விடுங்க. செத்துருவான்” என்றார். கூட்டம் விலகியது. அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, அவன் தாடையைத் திறந்து பார்த்து, பஞ்சை வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அரை மணிக்கூறுக்கு முன் தன் கதவை உடைத்தவனுக்குப் போலீஸ் வரும்வரை பஞ்சு மாற்றிக்கொடுத்தார்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அன்று மாலை மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். மைனி வாய் வீங்கிப் பேச முடியாமல் தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா தாய்மாமாவோடு வந்தாள். வந்தவள் என்னை நேராகப் பார்த்து நடந்து வந்து, வீங்கியிருந்த அதே கன்னத்தில் அறைந்தாள். ஏட்டம்மா ஒருவர் பிடித்து உட்கார வைத்தார். குடும்பத்தைத் தின்னுட்டியேட்டி என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாமா மைனியிடம் கேஸ் வேண்டாம், பேசி முடிப்போம், இனி நடக்காமல் இருக்க நான் பொறுப்பு என்றார். மைனி தாளில் ஒரே வரி எழுதி அவரிடம் நீட்டினாள். போன வருஷம் ஆஸ்பத்திரியிலும் மாமா இதைத்தான் சொன்னீர்கள் என்று எழுதியிருந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் அம்மா என்னை அழைத்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். மூன்று வருஷமாக என்றேன். அதே வீட்டில்தானே இருந்தாய் என்றார். ஆமாம் என்றேன். கர்ப்பம் கலைந்தபோது ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறதே, அப்படி யார் சொன்னது என்று கேட்டார். மைனி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னேன். அவன் ஒதைச்சத நான் கண்ணால பாத்தேன்.”

அதைச் சொன்னபோது அம்மா அழுகையை நிறுத்தினாள்.

அண்ணன் இரண்டு வாரம் ஜெயிலில் இருந்தான், பிறகு ஜாமீனில் வந்தான். வழக்கு நான்கு வருஷம் நடந்தது. நான் கூண்டில் ஏறிய அன்று அவனுடைய வக்கீல் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு நர்சிடம் சொன்னது பொய்யா, இன்றைக்குக் கோர்ட்டில் சொல்வது பொய்யா? அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். பொய் சொல்கிறவளின் சாட்சியை எப்படி நம்புவது என்று கேட்டார். டாக்டரம்மா எழுதிய சீட்டு இருந்தது, என் கையின் எக்ஸ்ரே இருந்தது, உடைந்த கதவைப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். அவற்றை வைத்துத் தண்டனை வந்தது. அப்பீல் போட்டு மறுபடியும் வெளியே வந்தான். படியில் உதைத்ததற்கு மட்டும் தண்டனை வரவில்லை. அதற்கான காகிதத்தில் என் பொய் இருந்தது.

மைனி விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆரல்வாய்மொழியிலேயே இருந்துவிட்டாள். ஒரு காற்றாலைக் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் நாங்கள் இருவரும் சர்பத் குடித்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சாட்சி சொன்னதுக்கு எனக்கு நன்றி உண்டு மக்கா. ஆனா அந்தக் கட்டில்ல கெடந்து ஒனக்க முகத்தப் பாத்தது இருக்கே, அது போவாது. நீ போன் பண்ணு, நான் எடுப்பேன். வீட்டுக்கு மட்டும் வரப்பிடாது.”

பண்டிகைக்குப் போன் செய்வேன். எடுப்பாள். நன்றாகப் பேசுவாள்.

நான் சம்பவம் நடந்த வாரமே வீட்டை விட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை முறி வாடகைக்கு எடுத்தேன். அந்த வீட்டில் அம்மாவும் அண்ணனும் மட்டும் மிஞ்சினார்கள். மாதம் ஒரு தடவை மீன் வாங்கிக்கொண்டு போவேன். அம்மா வாசலில் வைத்தே வாங்கிக்கொள்வாள். உள்ளே கூப்பிட மாட்டாள். அண்ணன் டெம்போவை விற்றுவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தான். குடிப்பதில்லை என்று அப்போதும் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பீல் நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், மீனை நீட்டியபோது அம்மா ஒரு கையால்தான் வாங்கினாள். மற்றக் கை சேலைக்குள் இருந்தது. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நான் முந்தானையை விலக்கினேன். மணிக்கட்டு கறுத்து, பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது. கழுத்தில் நான்கு விரல் பதிந்த தடம் இருந்தது. வலது பக்கத்துக் கடைவாயில் ரத்தம் காய்ந்திருந்தது.

“எப்பம் இருந்தும்மா?”

“அவ போன மாசத்துலேருந்து” என்றாள். மைனி போன மாதத்தைச் சொல்கிறாள். நாலரை வருஷம்.

அவன் வீட்டில் இல்லை. அம்மாவின் மூன்று சேலையையும் மருந்து டப்பாவையும் ஒரு பையில் போட்டேன். கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்டாள். நான் அவளைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, கதவைப் பூட்டவில்லையே என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா கேஸ் கொடுக்கவில்லை.

ஜெயிலில் இருந்த நாளே தண்டனைக்குப் போதும் என்று அப்பீலில் தீர்ப்பாக, அண்ணன் அதற்கு அடுத்த வருஷம் வழக்கை முடித்துக்கொண்டு எங்கோ வெளிநாடு போனான். எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் இப்போது என்னோடு இந்த ஒற்றை முறியில் இருக்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது சோறு கட்டித் தருகிறாள். சில நாள், நான் தலை சீவிக்கொண்டிருக்கும்போது, நீ எழுதாம இருந்தா எனக்க குடும்பம் இருந்திருக்கும் என்று சொல்கிறாள். நான் இடது கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரப்பர் பேண்டைச் சுற்றுகிறேன். ஒடிந்த இடது கை மழை வந்தால் வலிக்கும். அதை அவளிடம் சொல்வதில்லை.